தொண்ணூற்றேழு சதவீதம்

நான்கு மணிக்கு இன்னும் நாலே முக்கால் மணி நேரம் இருந்தது. அதற்குள் சரிசெய்துவிடலாம், முப்பத்தைந்து வருஷம் ரயில்வேயில் சிக்னல் பழுது பார்த்தவனுக்கு ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர் எம்மாத்திரம் என்று அமலதாஸ் நினைத்தார். நினைத்த கையோடு, போன ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தான் நினைத்தோம் என்பதும் ஞாபகத்துக்கு வந்தது. காலைப் பூசைக்குப் போட்டுக்கொண்டு போன வெள்ளைச் சட்டையை இன்னும் கழற்றவில்லை. கழற்றினால் வேறு சட்டை எடுக்க அலமாரியைத் திறக்க வேண்டும், திறந்தால் மனைவி மேரியின் புடவைகள், அது இப்போது வேண்டாம், இப்போது கம்ப்யூட்டர். திரையில், கம்ப்யூட்டர் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜர் திறந்திருந்தது. பிராசஸர் தொண்ணூற்றேழு சதவீதம். நீலக் கோடு கட்டத்தின் உச்சியை ஒட்டிக்கொண்டு, இறங்க மனமில்லாமல், ஒரே மட்டமாக ஓடியது. பெட்டிக்குள் காற்றாடி இரைந்தது. மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நகர்ந்தது. வலது மூலையில் வைஃபையை அணைத்துவிட்டு எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழு எண்ணும்போது கோடு சரிந்தது, எண்பது, நாற்பது, பதினொன்று, ஐந்து. இரைச்சல் அடங்கியது. மறுபடி வைஃபையைப் போட்டார். கோடு ஏறியது. நெட் இல்லாவிட்டால் சும்மா கிடக்கிறது, நெட் வந்தால் மூச்சு முட்டுகிறது, அப்படியானால் பழுது நெட்டிலா, பெட்டியிலா, இரண்டும் சேருகிற இடத்திலா. ஒன்றை மாற்று, மற்றதையெல்லாம் அப்படியே வை, என்ன ஆகிறதென்று பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கற்றுக்கொண்டது அதுதான், ஒரே நேரத்தில் இரண்டைத் தொட்டால் எது சரிசெய்தது என்று சாகும்வரை தெரியாது. தொண்ணூற்றேழு. அந்த எண்ணைப் பார்க்கத்தான் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மேரியின் தலைமாட்டில் வைத்திருந்த பெட்டியிலும் நீலத்தில்தான் எழுதியிருந்தது, ஆக்ஸிஜன் என்று, பக்கத்தில் சதவீதக் குறி போட்டு. அங்கே ஏறினால் நல்லது, இறங்கினால் கெட்டது. இங்கே தலைகீழ். எண்பத்தெட்டு, எண்பத்தாறு என்று அது இறங்கியபோதெல்லாம் அவர் ஏறு ஏறு என்று மனசுக்குள் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், இப்போது இறங்கு இறங்கு என்று உட்கார்ந்திருக்கிறார்.

மகள் ஜெனிட்டா ஜெர்மனியில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு, அங்கே பகல் பதினொன்றரை, வீடியோவில் கூப்பிடுவாள். இதுவரை ஒரு வாரமும் தவறியதில்லை, பிள்ளை பெற்ற வாரத்தைத் தவிர. கூப்பிடுவாள், சாப்பாட்டைக் கேட்பாள், மாத்திரையைக் கேட்பாள், குளிரைப் பற்றி ஏதாவது சொல்வாள், அவர் மூச்சை இழுத்துக்கொண்டு ஏதாவது பேச ஆரம்பிக்கும்போது அப்பா, உங்க படம் நிக்குது, உங்க பக்கம் நெட் சரியில்ல, அடுத்த வாரம் பேசலாம் என்பாள். ஆறு நிமிஷம், ஏழு நிமிஷம். ஒரு தடவை பதினொரு நிமிஷம் ஓடியது, அன்றைக்கு இரண்டு தடவை காப்பி போட்டுக் குடித்தார். அவள் சொல்வது பொய்யில்லை, இங்கேயும் படம் நிற்கத்தான் செய்தது, அவள் வாய் திறந்தபடி நின்றுவிடும், குழந்தையின் கை பாதிவழியில் நின்றுவிடும், குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் துண்டு துண்டாக வரும். இந்தப் பெட்டிதான் குறுக்கே நிற்கிறது. இது மட்டும் சரியானால் அவள் அரை மணி நேரம் பேசுவாள், கல்லூரியிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையற்கட்டு வாசலில் நின்று பேசிய பெண், பஸ்ஸில் யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்பதுவரை சொன்ன பெண், அவளுக்குப் பேச விஷயமா இல்லை. கடைக்காரப் பையன் வந்து பார்த்தான். ஃபார்மட் அடித்துவிடலாம் சார், எல்லாம் அழிந்து புதுசு மாதிரி ஆகிவிடும் என்றான். எல்லாம் அழிந்து என்று அவன் சொன்னதுமே வேண்டாம் தம்பி என்று அனுப்பிவிட்டார். மொபைலில் பேசலாம்தான். மொபைலில் அவள் முகம் தீப்பெட்டி அளவு தெரியும், அவர் கண்ணுக்கு அது போதாது, குழந்தை யாரைக் கொண்டு பிறந்திருக்கிறது என்று எட்டு மாதமாகியும் அவரால் சொல்ல முடியவில்லை. மிரியம் என்று பெயர் வைத்திருந்தாள். மேரி என்கிற பெயருக்கு அதுதான் பழைய வடிவம், பைபிள் படிக்கிற யாருக்கும் தெரியும். அம்மா பேரை வச்சிருக்கியாம்மா என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ரவுட்டரிலிருந்து கேபிளை நேராகக் கொண்டுவந்து பெட்டியில் செருகினார். வைஃபை வேண்டாம், கேபிளில் பார்ப்போம். கோடு ஏறியது. அப்படியானால் வைஃபை மேல் குற்றமில்லை. பிரவுசரை மூடினார், ஏறியது. வைரஸ் பார்க்கிற சாஃப்ட்வேரைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தார், இரண்டு சதவீதம் இறங்கி மறுபடி ஏறியது. யார் இவ்வளவு தின்கிறார்கள் என்று பட்டியலைப் பார்த்தால் மேலே 'சிஸ்டம்' என்று மட்டும் இருந்தது, வீட்டில் யார் கண்ணாடியை உடைத்தது என்று கேட்டால் உடைஞ்சிருச்சு என்று பதில் வருவதுபோல. நோட்டை எடுத்து எழுதினார். கேபிள், மாற்றம் இல்லை. ஆன்டிவைரஸ், மாற்றம் இல்லை. பழுதுக்கு நோட்டுப் போடுவது வேலையில் வந்த பழக்கம். ஓய்வு பெற்ற பிறகும் ஞாயிறு தவறாமல் தேதி, நேரம், எத்தனை நிமிஷம், எங்கே நின்றது என்று எழுதி வைத்திருந்தார், சில பக்கங்களில் வேறு மையில், சில பக்கங்களில் எழுத்து கோணிக்கொண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. மேரியின் தங்கை பிலோமினா. பதினான்காம் தேதி காலைப் பூசைக்கு ஃபாதரிடம் சொல்லியாயிற்று, அத்தான், கல்லறையில் பெயர் எழுதுகிறவன் இன்னும் பொன்னெழுத்தைப் பூசவில்லை, நீங்கள் ஒரு நடை போய் நின்றால்தான் செய்வான் என்றாள். சரிம்மா என்றார். ஜெனி வருகிறாளா என்று கேட்டாள். இன்றைக்குக் கேட்கிறேன் என்றார். நீங்கள் இரண்டு மாதமாக இன்றைக்குக் கேட்கிறேன் என்றுதான் சொல்கிறீர்கள் என்றாள் பிலோமினா, கோபமாக அல்ல, களைப்பாக. நெட்டு சரியில்லம்மா, பேசவே விடமாட்டேங்குது என்றார். அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, சரி அத்தான், சாப்பிடுங்க என்று வைத்துவிட்டாள். அந்தக் கொஞ்ச நேரம் அவருக்கு உறுத்தியது. அவள் எதையோ வாய்வரை கொண்டுவந்து விழுங்கினாள்.

முதல் வருஷம். ஒரு வருஷமா ஆகிவிட்டது. திங்கள்கிழமை சேர்த்தார்கள், வெள்ளிக்கிழமை முடிந்துவிட்டது, அவ்வளவுதான். சளிக்காய்ச்சல் என்றார்கள், நுரையீரலில் இறங்கியிருக்கிறது என்றார்கள். திங்களன்று ஆட்டோவிலேயே மேரி அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டாள், ஜெனிக்குச் சொல்லாதீங்க, மாசமா இருக்கா, போன தடவை மாதிரி ஆயிடக்கூடாது, சொன்னா அடுத்த பிளேன்ல ஏறிடுவா. போன தடவை மூன்றாம் மாதத்தில் கலைந்தது. அவர் சத்தியம்போல் தலையாட்டினார். செவ்வாய் ஜெனி கூப்பிட்டபோது அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்றார். புதன் கூப்பிட்டபோது தூங்குகிறாள் என்றார். எவ்வளவு லேசாக வந்தது. முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு ரிப்போர்ட்டில் பொய் எழுதியதில்லை, மகளிடம் இரண்டு நாளில் இரண்டு. ஆனால் அதுவல்ல, அதைச் சொல்லிவிடலாம், அது மேரி சொன்னது, செத்தவள் மேல் பழியைப் போட மனசில்லாமல்தான் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். அதுவல்ல. மனசு அதன் பக்கத்தில் போய்ப் போய்த் திரும்பியது. ஞாயிற்றுக்கிழமை ஜெனி ஏர்போர்ட்டிலிருந்து நேராக வந்தாள், ஆறு மாத வயிற்றோடு, கண்ணாடிப் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. ஒன்பது நாள் இருந்தாள். கிளம்புகிற அன்று காரில், முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல், ஏம்ப்பா சொல்லல என்றாள். மாசமா இருந்தியேம்மா, அதான் என்றார். சரி என்றாள். அந்தச் சரிக்குப் பிறகு அவள் எதையும் கேட்டதில்லை, சாப்பாட்டையும் மாத்திரையையும் தவிர.

மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டிருந்தார். மணி ஒன்றே கால். கம்ப்யூட்டரை சேஃப் மோடில் எடுத்துப் பார்த்தார், அத்தியாவசியமானவை மட்டும் ஓடும், மற்றதெல்லாம் படுத்திருக்கும். நெட்டை இணைத்தார். மூன்று. நான்கு. மூன்று. கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்படியானால் பெட்டி நல்ல பெட்டி, நெட்டும் நல்ல நெட்டு, நடுவில் எதுவோ ஏறி உட்கார்ந்திருக்கிறது, வெளியிலிருந்து வந்தது, யாரோ போட்டது. இனி பாதிப் பாதியாக வெட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். ஸ்டேஷனுக்கும் ரயில்வே கேட்டுக்கும் நடுவில் எங்கோ ஒயர் அறுந்திருந்தால் முழுத் தூரமும் நடக்க மாட்டார்கள், நடுவில் போய் அளந்து பார்ப்பார்கள், இந்தப் பாதியா அந்தப் பாதியா, பிறகு அதில் பாதி, பிறகு அதில் பாதி. கம்ப்யூட்டரோடு தானாகத் தொடங்குகிற புரோகிராம்கள் இருபத்திரண்டு. பதினொன்றை நிறுத்தினார், அணைத்துப் போட்டார், ஏறியது. மற்ற பதினொன்றில்தான் இருக்கிறது. அதில் ஆறை நிறுத்தினார். கம்ப்யூட்டர் மெதுவாக எழுந்து வரும் ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று நிமிஷம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது, சும்மா இருக்கிற அந்த நிமிஷங்களில்தான் அது வந்தது. வியாழக்கிழமை. வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. பார்வையாளர் நேரம். ஆக்ஸிஜன் முகமூடியை ஒரு கையால் விலக்கிக்கொண்டு மேரி, ஜெனிய கூப்பிடுங்க என்றாள். சொல்லவேண்டாம் என்றவளே சொன்னாள். அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, தெளிவாகப் பேசுகிறாளே என்று. நர்ஸ் பெட்டியைப் பார்த்துவிட்டு, தொண்ணூற்றேழு இருக்கு, நல்லாயிருக்கு, நாளைக்கு வார்டுக்கு மாத்திடலாம் என்றாள். தொண்ணூற்றேழு. அவர் மேரியின் நெற்றியைத் தடவிக்கொண்டு, காலையில கூப்பிடலாம், வார்டுக்கு வந்துடு, நல்லா உக்காந்து முகத்தைப் பாத்துப் பேசலாம், இந்த டியூபோட உன்னப் பாத்தா பயந்துடுவா என்றார். அவள் அவரைப் பார்த்தாள். இன்னொரு தடவை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கூப்பிட்டிருப்பார். ஒரே ஒரு தடவை இன்னும் கேட்டிருக்கக் கூடாதா, நாற்பது வருஷத்தில் ஒரு கிலோ வெங்காயத்துக்கு நாலு தடவை சொல்லுவாளே. சட்டைப்பையில் போன் இருந்தது. ஜெர்மனியில் பகல் பன்னிரண்டரை, ஜெனி சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பாள். கையைப் பைக்குள் விட்டு எடுக்க எவ்வளவு நேரம். காலையில் அவள் கண்ணைத் திறக்கவில்லை. பழுது ஒன்றும் இல்லை, லைன் நன்றாக இருந்தது, சிக்னல் நன்றாக இருந்தது, அவர் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். திரை எழுந்து வந்துவிட்டிருந்தது. கோடு உச்சியில்தான். மிச்சமிருந்த ஐந்தில் மூன்றை நிறுத்தினார்.

கண்டுபிடித்தபோது மணி மூன்று. ஒரே ஒரு பெயர்தான் மிச்சம். அதை நிறுத்தினால் நான்கு சதவீதம், ஓடவிட்டால் தொண்ணூற்றேழு. இரண்டு தடவை செய்து பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டார். நெட் வேகத்தைக் கூட்டித் தருகிறோம் என்ற இலவசச் சாஃப்ட்வேர், வருகிற போகிற ஒவ்வொன்றையும் இழுத்து நிறுத்திப் பார்த்துவிட்டு அனுப்புகிறது, வேகம் கூட்டுகிறேன் என்று. அவரே போட்டதுதான். ஜெனிக்குப் படம் நிற்கிறதே என்று, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்து, ஒரு பகல் முழுக்கத் தேடி, தன் கையாலேயே. அவருக்குச் சிரிப்பு வந்தது, தனியாக உட்கார்ந்து கொஞ்சம் சிரித்தார். சரி, பிடித்தாயிற்று. பிலோமினாவிடம் சொல்ல வேண்டும். ஜெனியிடம் சொல்ல வேண்டும், உங்கப்பன் பண்ணின வேலையைப் பாரு என்று சொன்னால் சிரிப்பாள், அப்படியே பேச்சு வளரும். நீக்குவதற்காகப் பட்டியலைத் திறந்தார். பெயருக்கு நேரே போட்ட தேதி இருந்தது. ஜூலை 6. பழக்கதோஷத்தில் நோட்டை எடுத்தார், பழுது எப்போது ஆரம்பித்தது என்று நேர் செய்து எழுதினால்தான் வேலை முடிந்த மாதிரி. பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினார். ஜூன் 29, குழந்தையைக் காட்டினாள், ஒரு நிமிஷம், படம் நின்றது என்றாள். ஜூன் 15, ஐந்து நிமிஷம், நின்றது என்றாள். ஜூன் 8. ஜூன் 1. மே 25, முதல் தடவை. சாஃப்ட்வேர் வந்ததோ ஜூலை 6. பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு அவர் தேதிகளை மறுபடி படித்தார், மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. அந்த ஐந்து ஞாயிறுகளிலும் பெட்டியில் எந்தப் பழுதும் இருந்திருக்க முடியாது. அவர் கையெழுத்திலேயே எழுதியிருந்தது, மே 25-க்கு எதிரே, இங்கே நன்றாகத் தெரிந்தது, அவளுக்குத்தான் நின்றதாம். ஜூன் 8-க்கு எதிரே, இங்கே சரியாக இருந்தது. எழுதியவன் நான்தானே. எழுதும்போது என்ன நினைத்துக்கொண்டு எழுதினேன். ஜூலைக்குப் பிறகு நின்றதெல்லாம் நிஜம். அதற்கு முன்னால் நின்றது எதுவும் நிற்கவில்லை. அவள் சொன்னாள், அவர் நம்பினார், நம்பி அதை நிஜமாக்கியும் கொடுத்துவிட்டார். பிலோமினா வாய்வரை கொண்டுவந்து விழுங்கியது இதைத்தானா. எல்லோருக்கும் தெரியுமா. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இடம் மாறி உட்கார்ந்தது, வலி என்று சொல்ல முடியாது, ஒரு பாரம் இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்குப் போவதுபோல. நீக்கட்டுமா என்று திரை கேட்டுக்கொண்டிருந்தது. நீக்கினால் இனி அவள் என்ன சொல்லிவிட்டு வைப்பாள். பாவம், ஞாயிறு ஞாயிறாக ஒரு புதுக் காரணத்துக்கு எங்கே போவாள். இருக்கட்டுமா, தொண்ணூற்றேழிலேயே ஓடட்டுமா. கால் மணி நேரம் அப்படியே இருந்தார். பிறகு குழந்தையின் முகத்தை ஒரு தடவையாவது ஒழுங்காகப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது, ஆம் என்பதை அழுத்தினார்.

நான்கு அடித்து ஒரு நிமிஷத்தில் அழைப்பு வந்தது. திரையில் ஜெனிட்டா இவ்வளவு தெளிவாக எப்போதும் வந்ததில்லை. ஜன்னலுக்கு வெளியே இலையில்லாத மரம், பின்னால் சுவரில் குழந்தையின் கம்பளிக் குல்லா, அவள் காதோரத்தில் நாலைந்து வெள்ளை முடி. முப்பத்திரண்டு வயசுக்கு வெள்ளை முடியா. குழந்தையை ரூபன் வெளியே தள்ளுவண்டியில் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான் என்றாள். அவருக்கு முகம் விழுந்தது, மருமகன் மேல் என்ன தப்பு. சாப்பாட்டைக் கேட்டாள், சாப்பிட்டேன் என்றார். மாத்திரையைக் கேட்டாள். அங்கே இன்னும் குளிர் விடவில்லை என்றாள். பேசும்போது அவள் கண் அவர்மேல் இல்லை, திரையின் ஓரத்தில் எங்கோ இருந்தது, இத்தனை மாதம் படம் உடைந்து உடைந்து வந்ததில் அது அவருக்குத் தெரியாமல் போயிருந்தது. பதினான்காம் தேதி பூசையைச் சொன்னார். லீவு கிடைக்குமா தெரியவில்லை, பார்க்கிறேன் என்றாள். சரிம்மா என்றார். சொல்ல வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே, வலது கையை மேசையிலிருந்து எடுத்து, அம்மாவப் பத்தி ஒண்ணு சொல்லணும்மா என்று ஆரம்பித்தார். அவள் உடனே, பழகிய குரலில், “அப்பா, உங்க படம் நிக்குது. நெட் சரியில்லன்னு நினைக்கிறேன்” என்றாள்.

திரையின் மூலையில் அவருடைய சின்னப் படம் அசைந்துகொண்டுதான் இருந்தது, கை நகர்ந்தால் கை நகர்ந்தது. இல்லம்மா, இன்னிக்குச் சரி பண்ணிட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் அவள் முகம் என்ன ஆகும். பிடிபட்ட பிள்ளையின் முகம் ஆகும். ஐந்து வயசில் மாவு டப்பாவைக் கொட்டிவிட்டு நின்ற முகம். அதை அவர் பார்க்க விரும்பவில்லை. கை பாதிவழியில் இருந்தது, அதை அங்கேயே நிறுத்திவிட்டார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது, மூடவில்லை. அவள் சொன்னது நிஜமாகவே இருக்கட்டும். மூச்சையும் பிடித்துக்கொண்டார். வைக்கப் போன ஜெனிட்டா அப்போதுதான் திரையைப் பார்த்தாள். அப்பா என்றாள். அப்பா, கேக்குதா என்றாள். அவர் கண்ணிமைக்காமல் இருந்தார். அவள் விரலால் திரையில் தட்டினாள், அவர் மூக்கின் மேல் தட்டியதுபோல் இருந்தது. வைத்துவிடுவாள் என்று நினைத்தார். அவள் வைக்கவில்லை. தாடையைக் கையில் தாங்கிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து, நின்றுபோன ஒரு போட்டோவைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தாள். ஒரு வருஷத்தில் அவள் அவரை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. முகத்தில் இறுக்கிக் கட்டியிருந்தது ஒவ்வொன்றாக அவிழ்ந்தது, மேரியின் வாய், மேரியின் நெற்றி. இவ்வளவு இளைச்சுட்டீங்க என்றாள் மெதுவாக. சட்டைக் காலரைக்கூட யாரும் பாக்கறதில்லையா என்றாள். அவரால் எச்சிலை விழுங்கக்கூட முடியாது, விழுங்கினால் குரல்வளை அசையும். பிறகு அவள், யாரிடமும் கேட்காத குரலில், அவளுக்கே கேட்டால் போதும் என்பதுபோல், “அம்மா என்னைக் கேட்டாங்களாப்பா? ஒரு தடவையாவது, ஜெனி எங்கேன்னு கேட்டாங்களா?” என்றாள்.

கண் எரிந்தது. எவ்வளவு நேரம் ஒரு மனுஷன் கண்ணைத் திறந்தே வைத்திருக்க முடியும். இமை தானாக மூடித் திறந்தது, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கொட்டியது, கன்னத்தில் இறங்கி வெள்ளைச் சட்டையில் விழுந்தது. ஜெனிட்டா அதைப் பார்த்தாள். கை தாடையிலிருந்து மெல்ல இறங்கியது. கம்ப்யூட்டர் இரையாமல் ஓடிக்கொண்டிருந்தது.

“அப்பா,” என்றாள், “நான் சொன்னது கேட்டுச்சா?”

இல்லம்மா, இப்பத்தான் படம் வந்துச்சு, என்ன சொன்னே. நாக்கு நுனியில் அது தயாராக இருந்தது, கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்பதுபோல், தூங்குகிறாள் என்பதுபோல், காலையில் கூப்பிடலாம் என்பதுபோல், அதே லேசு, அதே அன்பு. அவள் சங்கடப்பட வேண்டாம், சொல்லிவிட்டு வைக்கட்டும், அடுத்த ஞாயிறு வரட்டும், சாப்பாடு, மாத்திரை, குளிர், இப்படியே எத்தனை ஞாயிறு வேண்டுமானாலும் ஓடும். கையை மேசைமேல் இறக்கி வைத்தார். விரல்கள் மரத்துப்போயிருந்தன.

“கேட்டுச்சும்மா,” என்றார். “அம்மா உன்னைக் கேட்டா. வியாழக்கிழமை சாயங்காலம், அஞ்சு மணிக்கு, முகமூடியை விலக்கிட்டு, ஜெனிய கூப்பிடுங்கன்னா. போன் என் பையிலதான் இருந்துச்சு. நாந்தான் காலையில கூப்பிடலாம்னு சொன்னேன்.”

ஜெனிட்டா வைக்கவில்லை. அவள் உதடு முதலில் ஒரு பக்கமாகக் கோணியது, பிறகு முகம் முழுதும் உடைந்தது, அம்மாவின் பெட்டியருகே நின்று அழாத அழுகை, ஒன்பது நாளும் அழாத அழுகை, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு, நடுவில் ஒரு தடவை தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள், அந்தப் பார்வையை அவர் எங்கே கொண்டுபோய் வைப்பார், மறுபடி குனிந்தாள். எட்டித் தொட முடியாது. எழுந்து அந்தப் பக்கம் போக முடியாது. திரையை விட்டுக் கண்ணை எடுக்கவும் அவருக்குத் துணிவு வரவில்லை. அவள் அழுது முடிக்கும்வரை, கடைசித் தேம்பல்வரை, ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார் அமலதாஸ். படம் ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை.